அந்தோணியிடமிருந்து கவுனைக் கழற்றிய விதம்

தையல் மிஷினுக்கு முன்னால் புதிதாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

கழுத்து வலி தாளாமல் மண்டபம் ஊரில் இருக்கும் நமது தையல் கடையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் வீட்டில் இருக்கிறேன். இருந்தாலும் கடைச் சேதி எல்லாம் வந்துவிடுகிறது. சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படத்தைப் பற்றி வாடிக்கையாளர்கள் கேட்டால் நீங்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறீர்களாம். பச்சை வெல்வெட் கவுன் போட்ட ஐந்து பெண்கள் நிற்கிற அந்தப் படத்தைத்தான் சொல்கிறேன். ஒருத்தி, அந்தோணி மயங்கி விழுந்தான் என்றாளாம். இன்னொருத்தி, தீயணைப்பு வண்டி வந்தது என்றாளாம். அந்தோணி மயங்கவில்லை. வண்டி வந்தது உண்மை, ஆனால் அது திருச்சி விமான நிலையத்துக்குப் போகிற வேன். தினமும் டைரி எழுதுகிற பழக்கம் உள்ளவள் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதிவைத்துவிடுகிறேன்.

இழுபடும் துணிக்கு எந்த ஊசி, எந்தத் தையல் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது உங்கள் போனிலேயே இருக்கிறது, என்னைவிடத் தெளிவாகவும் சொல்கிறார்கள். கவுன் ஓர் ஆள் மேல் ஏறிவிட்டது, இறங்க மறுக்கிறது, வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது என்றால் என்ன செய்வது என்று மட்டும் போனில் யாரும் சொல்லவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

பாம்பனில் மேரி என்று ஒருத்தி. நாட்டுப்படகு நண்டு வலைகளில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக் கொடுப்பது அவள் வேலை. அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். மகள் ரோஸி மஸ்கட்டில் நர்ஸ். மகன் அந்தோணி இங்கே படகில் போகிறான். ரோஸியோடு வேலை பார்க்கும் தோழிக்கு அங்கே கல்யாணம். மணப்பெண்ணின் பின்னால் ஐந்து தோழிகள் ஒரே மாதிரி கவுன் போட்டு நடக்க வேண்டுமாம். மணப்பெண் ஒரே பச்சை வெல்வெட்டை வாங்கி ஐந்தாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டாள். இணையத்தில் துணி வெட்டும் வரைபடமான பேட்டர்ன் ஒன்றையும் வாங்கி எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். மற்ற நால்வரும் தங்கள் தங்கள் ஊர் டெய்லர்களிடம் அனுப்பினார்கள். ரோஸி எனக்கு அனுப்பினாள்.

துணி ஊருக்கு வந்த ஒருவர் கையில் வந்தது. பேட்டர்ன் போனில் வந்தது. தைத்த கவுனைப் பக்கத்து வேதாளைக்காரர் சாகுல் எடுத்துப் போவதாக ஏற்பாடு. அவர் விடுமுறை முடிந்து மஸ்கட் திரும்புகிறார். அவர் போய் இறங்கிய மறுநாள் கல்யாணம். அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. துணியும் அந்த ஒரே துண்டுதான், கைக்குட்டை அளவுகூட மிச்சம் கிடையாது. கவுன் போய்ச் சேராவிட்டால் நாலு பேர் பச்சையில் நடக்க, ரோஸி மட்டும் மஞ்சள் சுடிதாரில் கூட்டத்தோடு உட்கார்ந்து கைதட்ட வேண்டும். அதை அவளே போனில் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள்தான், ஆனால் கடைசியில் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. “எங்க ஊரு டெய்லரு எல்லாரையும் விட நல்லாத் தைப்பாங்கன்னு நான் சவால் விட்டுட்டேன்க்கா” என்றாள். அதற்குப் பிறகு அது என் சவால் ஆகிவிட்டது.

பேட்டர்னை ஜெராக்ஸ் கடையில் தாள் தாளாக எடுத்து, தரையில் பரப்பி, ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்ட வேண்டும். எல்லாவற்றையும் எண் வரிசைப்படி அடுக்கிவிட்டுப் பசை எடுக்கத் திரும்பினேன். நம் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். வலது கையின் மேல்பாதி இருந்த தாள் பறந்து போய்விட்டது. அன்று சாயங்காலம் பக்கத்து டீக்கடைக்காரர் அதைக் கொண்டுவந்து நீட்டினார்.

“அக்கா, வடை மடிக்க எடுத்தேன். அம்புக்குறியெல்லாம் போட்டிருக்கு. உங்களுதா?”

எண்ணெய் ஊறிய தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அடியிலிருக்கும் துணியின் இழை அப்படியே தெரிந்தது. முழுப் பேட்டர்னிலும் குறி வைக்க வசதியாக இருந்தது அந்த ஒரு தாள்தான். இதை உங்களுக்கு முறையாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி அளவு. நம் பக்கத்தில் யாரும் உடம்பைக் கொண்டுவந்து அளவு கொடுப்பதில்லை. அளவு ஜாக்கெட் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பெட்டிக்கடியில் ஓர் அளவு ஜாக்கெட் உண்டு. அதை யாரும் போடுவதில்லை, அது யாருக்கும் சேர்வதும் இல்லை. ஆனால் அதில் இருப்பதுதான் அளவு. இன்ச் டேப்பை எடுத்து ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றினால், “ஜாக்கெட்டுதான் குடுத்துட்டேன்ல, பெறகு என்னத்துக்கு?” என்று நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நானும் அதில் பழகியவள். எனக்கும் ஆளைவிட ஜாக்கெட் மேல்தான் நம்பிக்கை.

மேரி ரோஸியின் சுடிதார் ஒன்றைக் கொண்டுவந்தாள். கல்லூரிக் காலத்தில் தைத்தது. அதே நாளில் ரோஸி தன் மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே சுற்றளவு என்று ஒவ்வொன்றாக அளந்து குரல் பதிவு அனுப்பியிருந்தாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

“நீ பாட்டுக்குச் சுடிதாரப் பாத்து வெட்டுக்கா,” என்றாள் மேரி. “அவளுக்கு என்ன தெரியும்?”

“அளவு அவளோடது மேரி.”

“அவளோடதுதான். ஆனா நான்ல பெத்தேன்?”

டேப்பை எடுத்தேன். சுடிதாரை அளந்தேன். பிறகு பேட்டர்னில் இருந்த அட்டவணையைப் பார்த்தேன். தைத்து முடித்த கவுனின் சுற்றளவு, போடுகிற ஆளின் சுற்றளவைவிடக் குறைவாகப் போட்டிருந்தது. அச்சுப் பிழை என்று முடிவு செய்தேன். உடம்பைவிட உடுப்பு சிறிதாக இருக்குமா? ரோஸியைக் கேட்டேன்.

“அது இழுபடுற துணிக்கா. அப்படித்தான் இருக்கும். மேல ஏறும்போது விரிஞ்சு குடுக்கும்” என்றாள்.

“சரி சரி” என்றேன். உங்களில் யாராவது வாடிக்கையாளரிடம் ‘சரி சரி’ என்று இரண்டு தரம் சொன்னால், நீங்கள் கேட்கவில்லை என்று அர்த்தம். சுடிதார் அளவை எடுத்து, அதற்கு மேல் வழக்கமான தாராளம் வைத்து, நாளைக்குச் சதை போட்டால் பிரித்துக்கொள்ள உள்ளேயும் ஒரு விரற்கடை விட்டு வெட்டினேன். நல்ல வேளையாக வெல்வெட்டில் வெட்டவில்லை. ஒத்திகைக்கு வேறு துணி எடுத்தேன். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கபடிக் குழு ஒன்று நம்பர் தைக்கக் கொடுத்த பனியன்கள், குழுவுக்குள் சண்டை வந்து கலைந்துபோனதால் வாங்க ஆளில்லாமல் கிடந்தன. அவற்றை ஒட்டுப்போட்டுத் தைத்தேன்.

போட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே? மேரி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“அந்தோணி இருக்கான். ஒண்ணா ஒரே வயித்துல கெடந்ததுக. ஒயரமும் ஒண்ணு, ஒடம்பும் ஒண்ணு.”

அந்தோணிக்கு நல்ல மீசை. கரையில் நாலு பேர் மதிக்கிற ஆள். முடியவே முடியாது என்றான். ரோஸி அவனுக்குப் புதுப் போன் வாங்கி அனுப்புவதாகச் சொன்னாள். ஷட்டரைப் பாதி இறக்க வேண்டும், யாரும் படம் எடுக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தான். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வந்தான்.

முதல் ஒத்திகைக் கவுனை மாட்டிக்கொண்டு மறைப்புத் துணிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாக்கு அரிசி போடலாம். பின்புறம், உட்காருகிற இடத்தில், கொட்டை எழுத்தில் ஏழு.

மேரி சுற்றிவந்து பார்த்தாள். “ஏலே, இதப் போட்டுக்கிட்டுப் படகு மேல நில்லு. காத்து பிடிச்சிச்சுன்னா டீசலே வேணாம்.”

“யம்மா, நான் போறேன்.”

“இரு, தங்கச்சிக்குக் காட்டணும்.”

படம் எடுக்கக் கூடாது என்று நிபந்தனை. ஆகவே வீடியோவில் கூப்பிட்டாள். ரோஸி பார்த்தாள். கொஞ்ச நேரம் போனில் சத்தமே வரவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தோம். பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்து சிரிப்பது தெரிந்தது.

“அக்கா, கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாச்சுக்கா. கவுன் மட்டும்தான் வேணும்.”

அதன் பிறகுதான் அவள் சொன்ன அளவையும் பேட்டர்ன் சொன்ன கணக்கையும் முழுதாக ஏற்றுக்கொண்டு, மிச்சமிருந்த பனியன்களில் இரண்டாவது ஒத்திகைக் கவுன் தைத்தேன். தைத்து முடித்ததும் அது பள்ளிக்கூடப் பிள்ளையின் கவுன் மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. இது யார் மேல் ஏறும் என்று நினைத்தேன். ஆனால் அந்தோணி மேல் ஏறியதும் விரிந்து, தோளிலும் மார்பிலும் வரைந்து வைத்தது போல உட்கார்ந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் தொங்கியது. அங்கே ஆணுக்குச் சதை ஏது? ரோஸி சொன்ன அளவு வரும்வரை, அவன் டவுசருக்கு மேல் தலை துவட்டுகிற துண்டு இரண்டை மடித்துச் சுற்றி, ஊக்கு குத்தினேன். டேப் வைத்துப் பார்த்தேன். ரோஸியின் அளவு மயிரிழை பிசகாமல் வந்தது. நான் ஒழுங்கை விரும்புகிறவள். அந்தத் துண்டுச் சுற்றைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

துண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

வெல்வெட்டில் கத்திரி வைத்தேன். சாகுல் கிளம்புகிற நாள் காலையில் கீழ் ஓரம் மட்டும் பாக்கி. அன்று பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மத்தியானம் வந்ததும் ஓரம் அடித்து முடித்தேன். மடித்துப் பையில் வைத்திருந்தால் இந்தக் கதை இல்லை. மேரிக்குத் திருப்தி வரவில்லை.

“ஒரு தடவ அவன் மேல போட்டு அவகிட்ட காமிச்சிருவோம்க்கா. அங்க போய் ஏதாச்சும் கொறைன்னா யாரு தைப்பா?”

அது நியாயமாகப் பட்டது. அந்தோணி அன்று காலைதான் கரை சேர்ந்திருந்தான். குளிக்க நேரமில்லை. முகம் மட்டும் கழுவிவிட்டு வந்தான். துண்டு, ஊக்கு, எல்லாம் முன்போலவே கட்டினேன். “பேசாம நில்லு, மூச்சை அடக்கு, புதுத் தையல்” என்று சொல்லி, மெல்ல மெல்லத் தலைவழியாக இறக்கினோம். தோள்வரை அகன்ற கழுத்து, முக்கால் கை, முழங்காலுக்குக் கீழே முடிகிற ஓரம். அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னால் ஒன்றும் தைத்ததில்லை. ரோஸி வீடியோவில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அக்கா… சூப்பர்க்கா. டேய் அந்தோணி, திரும்புடா. அழகா இருக்கடா. மீசைய எடுத்துட்டா ஒன்னையே மேடைல ஏத்திரலாம்.”

“மொதல்ல போன அனுப்பு” என்றான் அந்தோணி.

அப்போது மறுபடியும் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மத்தியான வெக்கை. வெல்வெட் உள்ளே காற்றே புகாது. கழற்றலாம் என்று ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கினோம். இடுப்புவரை சரசரவென்று வந்தது. மார்புக்கு மேல் நின்றுவிட்டது. வேர்வையில் துணி தோலோடு ஒட்டிக்கொண்டது. ஒத்திகையில் பனியன் துணி வழுக்கிக்கொண்டு வந்தது, வெல்வெட் வரவில்லை. அவன் கைகளைத் தூக்கினால் தோள் இன்னும் அகலமானது. படகில் வலை இழுத்து வளர்த்த தோள் அது.

“அக்கா, நான் ஒண்ணு சொல்றேன்” என்றான்.

“நீ பேசாத. பேசினா நெஞ்சு விரியும், தையல் விட்டுரும்” என்றேன்.

கவுனைக் கீழே இறக்கிவிட்டுக் கழுத்துக்குள் பவுடர் போட்டோம். பவுடர் வேர்வையில் குழைந்து பசையானது. இப்போது அது இன்னும் நன்றாக ஒட்டியது. மேரி முதுகுப் பக்கமாகப் போய் இழுத்தாள்.

“ஏலே, நண்டுகூட வலையில இம்புட்டுச் சிக்காது.”

“நண்ட மட்டும் பாத்துப் பாத்துக் கழட்டுற. என்னைய பிச்சு எடுக்கற.”

“நண்டுக்கு வெல இருக்குல்ல?”

வெளியே வேன் ஹாரன் கேட்டது. ஷட்டருக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றது. சாகுல் குனிந்து உள்ளே வந்தார். ஏர்வாடி தர்காவுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார், வெள்ளைச் சட்டையில் அத்தர் மணத்தது.

“அக்கா, பார்சல் ரெடியா? வேன்ல எல்லாரும் ஏறியாச்சு.”

“ரெடிதான் தம்பி” என்றாள் மேரி. “இந்தா நிக்கிது.”

சாகுல் அந்தோணியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மீசையில் ஆரம்பித்து, பச்சை வெல்வெட் வழியாக, கவுனுக்குக் கீழே தெரிந்த முடி அடர்ந்த கால்களில் முடித்தார். பாவம், சிரிக்கக் கூடாது என்று மிகவும் முயன்றார்.

“மாஷா அல்லாஹ். இத நான் கைப்பைல வச்சுக் கொண்டுபோறதா, டிக்கெட் எடுத்துக் கொண்டுபோறதா?”

“சாகுல் அண்ணே, சிரிக்காதீங்கண்ணே” என்று போனிலிருந்து ரோஸி கெஞ்சினாள். “என்னைய விட்டுட்டுப் போயிராதீங்க.”

“போகலம்மா. ஆனா பிளேன் எனக்காக நிக்காது. இன்ஷா அல்லாஹ், ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். அதுக்குள்ள பாருங்க. அதுக்கு மேல முடியாது.”

டீக்கடையில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. ஷட்டருக்குக் கீழே பச்சை ஓரமும் ஆண் காலும் தெரிந்தால் யார்தான் டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள்? டீக்கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “அக்கா, என் வடைத்தாளு அழகாத்தான் வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் மேரி ஆணியில் தொங்கிய கத்திரியை எடுத்தாள்.

“பக்கத் தையல வெட்டிருவோம்க்கா. கழட்டிட்டுத் திரும்ப அடிச்சிருங்க.”

பிள்ளைகளே, கடையில் நெருக்கடி வந்தால் கை தானாகக் கத்திரிக்குப் போகும். வெட்டினால் ஏதோ செய்த மாதிரி இருக்கும். கரண்ட் இல்லாமல் நான் எதில் திரும்ப அடிப்பது? ஓவர்லாக் மிஷின் ஒட்ட வெட்டித் தைத்த ஓரத்தில் இனிமேல் பிடிக்கத் துணி எங்கே இருக்கிறது? வெல்வெட்டில் பழைய ஊசித்துளை ஆயுளுக்கும் தெரியும். இதையெல்லாம் விளக்கிச் சொல்ல நேரமில்லை. மேரி கையிலிருந்து கத்திரியைப் பிடுங்கி, என் நாற்காலியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். மெத்தை இருந்தது, காயம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்ததில் ஒரு நன்மை, என் இரண்டு கைகளும் கவுனைவிட்டு விலகின. கை விலகியதும் கொஞ்சம் யோசிக்க முடிந்தது.

மேல்வழியாக வராது. கீழ்வழியாக? கழுத்து அகலமானது, இழுபடக்கூடியது, தோளைத் தாண்டிவிடும். ஆனால் அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே சுற்றளவைத் தாண்ட வேண்டும். முழு உடம்பிலும் அகலமான இடம் அதுதான். டேப் வைத்து நானே பார்த்திருக்கிறேன். கழுத்து அவ்வளவு விரியாது, தையல் தெறித்துவிடும். மனதுக்குள் இப்படிக் கணக்குப் போட்டுக் கீழ்வழியையும் அடித்துவிட்டேன். இனி வழி இல்லை.

“அவன் என்னமோ சொல்ல வர்றான்க்கா” என்றது போன். எங்கள் எல்லோரையும்விடத் தள்ளி மஸ்கட்டில் இருந்த ரோஸிதான் அதைக் கவனித்தாள். “வந்ததுல இருந்து வாயத் தொறக்க விடாம அமுக்குறீங்க. கேளுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அளவு சொன்னபோது ரோஸியையும் இப்படித்தான் அமுக்கியிருந்தோம்.

“சொல்லு தம்பி.”

அந்தோணி, நெஞ்சு விரியாதபடி, மெதுவாகச் சொன்னான்.

“துண்டு.”

“என்ன துண்டு?”

“இடுப்புல ரெண்டு துண்டு சுத்தியிருக்கீங்கள்ல? அத உருவிட்டா எனக்கு இடுப்பே கெடையாது. கீழ வழியா வந்துரும்.”

நான் கையிலிருந்த டேப்பைப் பார்த்தேன். டேப் வைத்து அளந்து, மயிரிழை பிசகாமல் வைத்தேன் என்று பெருமைப்பட்டேனே, அந்தச் சுற்றளவு அந்தோணியுடையதல்ல, துண்டினுடையது. அளந்து எழுதியதும் அது எனக்கு உடம்பாகவே ஆகிவிட்டது. மேரிக்கும் அப்படித்தான். அதற்குள் இருந்தவனுக்கு மட்டும் மறக்கவில்லை.

“ஏலே, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“எங்க சொல்ல விட்ட? ஊக்கு ஒண்ணு தொறந்து அப்ப இருந்து குத்திக்கிட்டே இருக்கு. நான் எப்பிடி மறப்பேன்?”

நான் தரையில் மண்டியிட்டு, கவுனின் ஓரத்துக்குள் கைவிட்டு, ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேரியின் உள்ளங்கையில் வைத்தேன். எண்ணிக்கை சரியாக வந்த பிறகுதான் துண்டில் கை வைத்தேன். வெல்வெட்டுக்குள் ஓர் ஊக்கு தங்கினாலும் போச்சு. துண்டுகள் உருவி வந்தன. இடுப்புக்குக் கீழே கவுன் தொளதொளவென்று தொங்கியது. முக்கால் கைகளை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, கைகளை விடுவித்தோம். கழுத்தை இரண்டு பேர் இரண்டு பக்கமாக அகட்ட, அந்தோணி மூச்சை வெளியே விட்டுத் தோளைக் குறுக்கினான். தோள் தாண்டியது. மார்பு தாண்டியது. இடுப்பில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. கவுன் அவன் காலடியில் பச்சை வட்டமாக விழுந்தது. அவன் அதை மிதிக்காமல், படகிலிருந்து கரைக்குத் தாவுகிற மாதிரி தாவினான்.

போனில் ரோஸி கைதட்டினாள். ஷட்டருக்கு வெளியேயும் யாரோ கைதட்டினார்கள்.

தையல் ஒன்றுகூட விடவில்லை. ஆனால் கவுனில் பவுடர், வேர்வை, அதற்கு மேல் காலையில் பிடித்த நண்டின் வாசம். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, பழைய அட்டையால் இரண்டு பேர் விசிறினோம். சாகுல் டீ முடித்து உள்ளே வந்தார், முகர்ந்து பார்த்தார், சட்டைப் பையிலிருந்து சின்ன அத்தர் குப்பியை எடுத்து, கவுனில் படாமல் பையின் உள்பக்கம் தடவினார்.

“கஸ்டம்ஸ்ல கேட்டா என்ன சொல்றது?” என்றார்.

“கவுனுன்னு சொல்லுங்க” என்றாள் மேரி.

“கவுனுன்னுதான் சொல்வேன். யாரு போட்டதுன்னு கேட்டுறக் கூடாது.”

வேன் போனது. மேரி இரண்டு துண்டையும் மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

கல்யாணத்தன்று சாயங்காலம் அந்தப் படம் வந்தது. ஐந்து பேரில் நடுவில் நிற்பவள் ரோஸி. ஒருத்தியின் கவுன் ஓரம் கோணல். ஒருத்தி மூச்சு விடவில்லை என்று முகமே சொல்கிறது. நம் கவுன் எப்படி இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டாம், சுவரில் பாருங்கள். பார்த்தவர்கள், இடுப்புக்குக் கீழே எப்படி அவ்வளவு சரியாக உட்கார்ந்தது என்று கேட்டால், துண்டு என்று சொல்லுங்கள்.

படத்தோடு ரோஸியின் குரலும் வந்தது. “அக்கா, எல்லாரும் கேக்கறாங்க யாரு தச்சதுன்னு. தோளு மட்டும் கொஞ்சூண்டு லூசு. அந்தோணி விரிச்சு விட்டுட்டான். முடிய அவுத்துவிட்டு மறைச்சுக்கிட்டேன். அப்புறம்க்கா, பையத் தொறந்தேன், அத்தர் வாசமும் நண்டு வாசமுமா வந்துச்சு. டிரெஸ்ஸ மாட்டாம அப்பிடியே கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

மேரி இதைக் கடையில் நின்றபடி கேட்டாள். மறுபடி ஒரு தரம் போடச் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “குளிச்சிட்டு வாடான்னா கேட்டானா” என்று அந்தோணியைத் திட்டினாள்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். துணியைக் கேளுங்கள், டேப்பைக் கேளுங்கள், பேட்டர்னையும் கேளுங்கள். கடைசியாக, உடுப்புக்குள் நிற்கிற ஆளைக் கேளுங்கள். முடிந்தால் அவரை முதலில் கேளுங்கள். அளவு ஜாக்கெட் கொண்டுவருகிறவர்களிடம் நான் கடையை விடும்வரை, “ஜாக்கெட்ட வச்சிட்டுப் போங்க, ஆளக் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். மீதிப் பேருக்குத் தைத்தது சேர்ந்தது.

அடுத்த மாதமே மஸ்கட்டிலிருந்து ரோஸியின் தோழிகள் இருவர் அதே மாதிரி கவுன் கேட்டு அளவு அனுப்பினார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் அந்த மீசைக்கார அண்ணன் போட்டுக் காட்ட வேண்டும்.

தயங்கித் தயங்கி அந்தோணிக்குப் போன் செய்தேன். புதுப் போனில்தான் எடுத்தான். பின்னால் கடல் இரைந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டான்.

“வாரேன்க்கா,” என்றான். “ஆனா கழட்டுற வழிய மொதல்ல பேசி முடிச்சிருவோம். அதுக்கப்புறம்தான் மாட்டுவேன்.”